பூசைக்குப் போன ஜேர்மன் பெல்ட்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. இவருக்கு ஒரு பெல்ட் வாங்கவேணும்.

அவ்வளவுதான். கப்பல் வாங்கச் சொல்லேல்லை.

இவர் எண்டது என்ரை மனுசன் ஜெராட். சீனி வருத்தம் வரப்போகுதெண்டு டொக்டர் வெருட்டினதிலை இரவுப் புட்டை விட்டவர். புட்டு போச்சு, பேந்து வண்டி வயிறு போச்சு, இப்ப களிசானும் போகப் பாக்குது. பழைய பெல்ட்டிலை ஆணியாலை ஓட்டை போட்டுப் போட்டு அது அரிதட்டு மாதிரி வந்திட்டுது.

அதோடை அடுத்த நாள் சும்மா ஞாயிற்றுக்கிழமை இல்லை. இஞ்சை நோர்வேயிலை எங்கடை கத்தோலிக்கக் கோயிலிலை எல்லா நாட்டுச் சனமும் ஒண்டாச் சேந்து காணுற பூசை. நோர்வேக்காரர், போலந்துக்காரர், பிலிப்பினோக்கள், நாங்கள். வேதாகமத்திலையிருந்து முதலாம் வாசகம் வாசிக்கிறது இவர்தான், அதுவும் நோர்வேஜிய மொழியிலை. பூசை முடிய, கோயில் அலுவல் பாக்கிற பங்குச் சபைக்கு ஆள் தெரிவு. தமிழாக்கள் சார்பிலை இவர் நிக்கிறார். ஒரு கிழமையாக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு வாசகம் பாடமாக்கிறார். ஒரு கையாலை புத்தகம், மற்றக் கையாலை களிசான்.

"பெல்ட் ஒண்டு இல்லாமல் என்னாலை இந்தச் சமூகத்துக்குச் சேவை செய்யேலாது" எண்டு சொல்லிப்போட்டார்.

நேரா சென்டருக்குப் போய்க் கடையிலை ஒரு பெல்ட் எடுத்திருந்தால் இந்தக் கதை இதோடை முடிஞ்சிருக்கும். நான் போவனே?

லோறென்ஸ்கூக்கிலை எங்கடை வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடம். அங்கை அண்டைக்கு லொப்பமார்க்கெட். பிள்ளையளின்ரை பாண்ட் கோஷ்டிக்குக் காசு சேக்கிறதுக்குப் பழஞ்சாமான் விப்பினம். அந்தப் போர்டைக் கண்டால் என்ரை கார் தானாத் திரும்பும். நான் ஒண்டும் செய்யிறேல்லை.

பழைய சறுக்குச் சப்பாத்துகளுக்குப் பக்கத்திலை கிடந்தது ஒரு பெல்ட். மண்ணிறத் தோல், நல்ல தடிப்பு. முன்னுக்கு உள்ளங்கை அளவிலை சாம்பல் நிறப் பக்கிள். நடுவிலை ஒரு கிரீடம். கிரீடத்தைச் சுத்தி எழுத்து: கொட் மிட் உன்ஸ்.

விக்கிற மனுசியிட்டைக் கேட்டன், "இது ஆம்பிளையளின்ரையோ?"

"ஓம், நிச்சயமா ஆம்பிளையளின்ரைதான்" எண்டாள்.

இப்ப யோசிச்சால் அவள் சொன்னதிலை ஒரு பிழையும் இல்லை. ஒரு முழு ஆமியும் ஆம்பிளையள்தானே!

எழுத்தை வடிவாப் பாத்தன். நான் நோர்வே பாலர் பள்ளியிலை வேலை செய்யிறவள், எனக்கு மொழி தெரியும். 'கொட்' எண்டால் நல்லது. 'மிட்' எண்டால் என்ரை. 'உன்ஸ்' மட்டும் பிடிபடேல்லை. நல்லது, என்ரை, ஏதோ. சரி, கொம்பனிப் பேராக்கும். கிரீடம் வேறை போட்டிருக்கிறான். இத்தாலிச் சாமானாத்தான் இருக்கும்!

வீட்டை கொண்டுபோய்க் குடுத்தன். இவர் தூக்கிப் பாத்தார்.

"என்னப்பா இது, மாட்டுவண்டியிலையிருந்து கழட்டினதோ?"

"பிராண்ட்!"

"என்ன பிராண்ட்?"

அதுதானே எனக்கும் தெரியாது. சின்னம்மான்ரை மகள் சுதா ஜேர்மனியிலை டோட்மண்டிலை இருக்கிறாள். ஐரோப்பாவிலை என்ன சந்தேகமெண்டாலும் எனக்குச் சுதாதான். உடனை ஃபோன் எடுத்தன்.

"சுதா, கொட் மிட் உன்ஸ் எண்டால் என்னடி?"

"அது ஜேர்மன் அக்கா. கடவுள் எங்களோடை எண்டு அர்த்தம். ஏன் கேக்கிறியள்?"

அந்த 'ஏன்' என்ரை காதிலை விழேல்லை. எனக்கு மேல் எல்லாம் சிலிர்த்திட்டுது. நாளைக்கு வாசகம் வாசிக்கப் போற மனுசனுக்கு, சறுக்குச் சப்பாத்துக்குப் பக்கத்திலை, கடவுள் எங்களோடை எண்டு எழுதின பெல்ட்! இது மாதாவின்ரை வேலை இல்லாமல் வேறை என்ன?

"பக்கிளிலை எழுதியிருக்குதடி!"

"பக்கிளிலையோ? அக்கா, நில்லுங்கோ, அது எந்த..."

நான் ஃபோனை வைச்சிட்டன். அற்புதம் நடக்கேக்கை ஆர் நிண்டு கதைக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை இவர் நீலக் கோட், வெள்ளைச் சேட், நடுவிலை பக்கிள். கோயில் வாசலிலை பெரித். எல்லாரையும் வரவேற்கிற நோர்வேக்கார மனுசி. இவற்றை இடுப்பைப் பாத்தா. ஒருக்காக் கண்ணைச் சிமிட்டினா. திரும்பவும் பாத்தா.

"நல்ல ஸ்பெசியெல்ட் பெல்ட்" எண்டா.

"தக், தக்!" எண்டு நான் இவருக்கு முந்தி நன்றி சொன்னன். ஸ்பெசியெல்ட் எண்டால் விசேஷமானது எண்டு அகராதியிலை இருக்கும். நோர்வேக்காரர் எப்ப அந்தச் சொல்லைப் பாவிப்பினம் எண்டு அகராதியிலை இல்லை. வாயிலை வைக்கேலாத சாப்பாட்டுக்கும் ஸ்பெசியெல்ட், ஊரே வெறுக்கிற மருமகனுக்கும் ஸ்பெசியெல்ட். இது எனக்குத் தெரியும். ஆனா அண்டைக்கு மட்டும் எனக்கு அது பாராட்டு!

பூப்பாத்திரத்துக்குப் பக்கத்திலை இவரை நிப்பாட்டி ஒரு படம் எடுத்துச் சுதாவுக்கு அனுப்பினன். பூசை தொடங்கிச்சு. இவர் எழும்பிப் போனார்.

எங்கடை கோயிலிலை வாசிக்கிறதுக்கு வைச்சிருக்கிறது ஒரு ஒல்லித் தடி. மேலை புத்தகம் நிக்கும். மறைக்கவேண்டியது ஒண்டையும் மறைக்காது. கோட்டுப் பொத்தான் வேறை திறந்து கிடக்கு. வெளிச்சம் நேரா வந்து பக்கிளிலை விழுகுது. வாசகமோ சமாதானத்தைப் பற்றி.

என்ரை கைப்பைக்குள்ளை ஃபோன் அதிருது. ஒருக்கா. ரெண்டு தரம். நிக்குதில்லை.

மெல்ல எடுத்துப் பாத்தன். எல்லாம் சுதா.

"அக்கா கழட்டச் சொல்லுங்கோ."

"அது ஜேர்மன் ஆமியின்ரை பெல்ட்."

"சண்டைக்குப் போனவங்கள் கட்டினது அக்கா!!"

"பின்னுக்கு மெழுகுதிரி தெரியுது. கோயிலிலையே நிக்கிறியள்???"

ஜேர்மன் ஆமி எண்டால் எனக்குத் தெரிஞ்சது ஹிட்லர் ஒருத்தன்தான். அவனுக்கு மேலையும் கீழையும் ஒருத்தரையும் தெரியாது. இவர் நிக்கிறது நோர்வே. அவங்கள் வந்து பிடிச்சு வைச்சிருந்த நாடு. முன் வரிசை முழுக்கப் போலந்துக்காரர். அவையளுக்கு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

கையைத் தூக்கி இவருக்குச் சைகை காட்டினன். கோட்டை மூடுங்கோ! வயித்துக்கு முன்னாலை ரெண்டு கையையும் சேத்துச் சேத்துக் காட்டினன்.

இவர் பாத்தார். வாசிப்பு நிண்டிட்டுது. முகம் வெளிறிப் போச்சு. மனுசன் மெதுவாக் கையைக் கீழை விட்டுச் சிப் திறந்து கிடக்கோ எண்டு தடவிப் பாக்கிறார்!

அதுவரைக்கும் பாக்காத சனமும் அப்ப பாத்திது.

முன் வரிசையிலை ஒரு போலந்துக்காரன், மாரெக். கட்டிட வேலை செய்யிறவன். அலுமாரி மாதிரி ஆள். அவன் முன்னுக்குச் சரிஞ்சான். சட்டைப் பையிலையிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டான். பேந்து ஃபோனை எடுத்து, பெரிசாக்கி, பக்கிளைப் படம் பிடிச்சான்.

போச்சு. பொலிசுக்கு அனுப்புறான். பங்குச் சபை போச்சு, மானம் போச்சு, நாளைக்குப் பாலர் பள்ளியிலை என்னைக் கூப்பிட்டு விசாரிப்பினம். பிள்ளையளுக்கு என்ன படிப்பிச்சனீர் எண்டு கேப்பினம்.

பூசை முடிய எல்லாரும் கோப்பிக்கு மண்டபத்துக்குள்ளை போச்சினம். அப்பத்தான் ஒரு கோப்பி எடுத்த இவற்றை மற்றக் கையைப் பிடிச்சு நான் இழுத்துக்கொண்டு ரொய்லெட் பக்கம் ஓடினன். பாதையை மறிச்சுக்கொண்டு நிண்டது அலுமாரி.

"நீங்கள்" எண்டான் மாரெக், இவரைப் பாத்து. "பெல்ட்."

நான் முந்திக்கொண்டன். "மன்னிக்கவேணும், எங்களுக்குத் தெரியாது, நாங்கள் அப்பிடியான ஆக்கள் இல்லை, நாங்களும் சண்டைக்குத் தப்பி வந்தனாங்கள், நான் அதை இத்தாலி எண்டு நினைச்சு..."

"ஷ்ஷ்" எண்டான்.

அப்பிடியே இவருக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டான்.

ஃபோன் லைட்டை அடிச்சு, மூக்குப் பக்கிளிலை முட்டுற அளவுக்குக் குனிஞ்சு பாக்கிறான். இவர் கோப்பிக் கோப்பையைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.

எங்கடை மேரி அக்கா பக்கத்திலை வந்து என்ரை காதுக்குள்ளை, "என்ன பிள்ளை, ஜெராட்டிட்டை ஆசீர்வாதம் வாங்கிறானோ? அவ்வளவு நல்லாவே வாசிச்சவர்?" எண்டா.

"கிரீடம்!" எண்டு மாரெக் கத்தினான். கண்ணிலை தண்ணி வராத குறை. "கிரீடம்! தெரியுதே?"

"தெரியுது" எண்டார் இவர், மெல்லிய குரலிலை.

"கிரீடம் எண்டால் கைசர். ஜேர்மன் ராசா. முதலாம் உலகச் சண்டை. ஹிட்லரின்ரை ஆமிப் பக்கிளிலை கிரீடம் இல்லை, கழுகு. கழுகின்ரை காலுக்குக் கீழை அவன்ரை கொளுக்கிச் சிலுவை, சுவஸ்திகா. வசனம் மட்டும் ரெண்டிலையும் ஒண்டுதான்."

"அப்ப இது ஹிட்லரின்ரை இல்லை?" எண்டு கேட்டன்.

"இல்லை, இல்லை. இது அதுக்கு முந்தினது."

எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்கவேணும் போலை இருந்தது. முதலாம் சண்டை எண்டால் பரவாயில்லை! செத்த சனம் எல்லாம் எனக்குச் சொந்தமில்லாத ஆக்கள் எண்ட மாதிரி ஒரு நிம்மதி. மனுசப் புத்தியைப் பாருங்கோ.

இவர் யோசிச்சுப்போட்டுக் கேட்டார், "அப்ப ரெண்டு சண்டைக்கும் இதே வசனத்தைத்தான் கட்டிக்கொண்டு போனவையோ?"

"ஓம்."

"ரெண்டிலையும் தோத்தவை?"

"ஓம்."

இவர் என்னைத் திரும்பிப் பாத்தார். "உலகத்திலை உமக்கு வேறை பெல்ட் கிடைக்கேல்லை, என்ன?"

மாரெக் திறப்புக் கோர்வையிலை கொழுவியிருந்த காந்தத்தைப் பக்கிளிலை வைச்சான். டக்கெண்டு ஒட்டிச்சு. "இரும்பு! முதல் பித்தளையிலைதான் செய்தவங்கள். சண்டை இழுபட இழுபடப் பித்தளைக்குத் தட்டுப்பாடு. பிறகு இரும்பிலை அடிச்சுச் சாம்பல் நிறம் பூசினவங்கள். அப்ப இது சண்டை நடுவிலை செய்தது!"

அவன் ஊருக்குப் போற நேரமெல்லாம் மண்ணுக்குள்ளை இரும்பு தேடுற மெஷினைப் பிடிச்சுக்கொண்டு வயல் வயலாப் பக்கிள் தேடித் திரியிறவனாம். அதுதான் அவன்ரை சந்தோஷம். ஜேர்மன்காரன், ரஷ்யாக்காரன் எல்லாரும் அவன்ரை ஊருக்குள்ளாலைதான் போய் வந்தவையாம். போகேக்கை ஒரு பக்கிள், திரும்பி ஓடேக்கை ஒரு பக்கிள்.

"கழட்டுங்கோ" எண்டான். "பின்பக்கம் பாக்கவேணும். பக்கிளுக்குப் பின்னாலை ஒரு தோல் நாக்கு இருக்கும். அதிலை செய்த கொம்பனியும் வருஷமும் அடிச்சிருக்கும்."

"கட்டியிருந்தவன்ரை பேர் இருக்குமோ?" எண்டு இவர் கேட்டார்.

"அது இராது."

"வித்தவன்ரை பேர் இருக்கும், செத்தவன்ரை பேர் இராது" எண்டு தமிழிலை எனக்கு மட்டும் சொன்னார்.

எனக்கு ஊரிலை ஆமி வந்த நாளுகள் ஞாபகம் வந்திது. அவங்களும் பெல்ட் கட்டிக்கொண்டுதான் வந்தவங்கள். நாங்கள் ஒருத்தரும் நிண்டு பக்கிளிலை வருஷம் பாக்கேல்லை. அந்த ஆராய்ச்சிக்கு ஓடாமல் நிக்கவேணுமெல்லோ!

இவர் பெல்ட்டைக் கழட்டிக் குடுத்தார். குடுத்த உடனை ஒரு கை களிசானுக்குப் போட்டுது.

சரியா அந்த நேரம் சாமியார் மைக்கை எடுத்தார். "பங்குச் சபைக்கு நிக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ. ஜெராட், முதல் நீங்கள்."

இவர் போனார். ஒரு கையிலை கோப்பி, மற்றக் கை இடுப்பிலை. தூரத்திலையிருந்து பாத்தால் பெரிய அரசியல்வாதி மாதிரித்தான் இருந்தது. சாமியார் கை குடுக்க வந்தார். இவர் கோப்பியைப் பாத்தார், களிசானைப் பாத்தார், சாமியாரின்ரை கையைப் பாத்தார். பேந்து கோப்பிக் கோப்பையைச் சாமியாரின்ரை கையிலை குடுத்திட்டார். சாமியார் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் ஒரு வாய் குடிச்சார்.

"ஜெராட்டை எல்லாருக்கும் தெரியும்" எண்டு தொடங்கினார். "அமைதியான மனுசன். நேர்மையான மனுசன்..."

"ஃபால்ஸ்க்!" எண்டு மண்டபத்தின்ரை பின்பக்கத்திலையிருந்து ஒரு சத்தம்.

ஃபால்ஸ்க் எண்டால் போலி. கள்ளம். மண்டபத்திலை நிண்ட அத்தினை பேரும் திரும்பிச்சினம். மாரெக் முகம் சிவந்துபோய் நிக்கிறான்.

"எல்லாம் கள்ளம்! முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு!"

பெரித்துக்கு வாய் திறந்தபடி. மேரி அக்கா சிலுவை போட்டா. இவர் மேடையிலை வாழைத்தண்டு மாதிரி வெளிறிப்போய் நிக்கிறார். நான் நிலத்தைப் பாத்தன், பிளந்தால் இறங்கிறதுக்கு.

அப்பத்தான் மாரெக்குக்குத் தான் எங்கை நிக்கிறன் எண்டது விளங்கிச்சு.

"இல்லை, இல்லை! அவர் இல்லை! அவற்றை பெல்ட்!" எண்டு பெல்ட்டைத் தலைக்கு மேலை தூக்கிக் காட்டினான்.

இப்ப எல்லாருக்கும் ரெண்டு விஷயம் தெரிஞ்சிட்டுது. பெல்ட் கள்ளம். அதோடை, மேடையிலை நிக்கிற நேர்மையான மனுசனிட்டைப் பெல்ட் இல்லை.

மாரெக் நேரா மேடைக்கே வந்திட்டான். சாமியாரிட்டை மைக்கை வாங்கினான். "பாருங்கோ! முன்னுக்குக் கைசரின்ரை கிரீடம். பின்னுக்குத் தோல் நாக்கிலை அடிச்சிருக்கிறது நாப்பத்திரண்டாம் ஆண்டு! அந்த வருஷம் கைசரும் இல்லை, கிரீடமும் இல்லை. ராசா போய்ச் சேந்திட்டார்! எழுத்தின்ரை ஓரத்தைப் பாருங்கோ, மழுங்கல். உண்மையானது தகட்டிலை அடிச்சது, கூரா இருக்கும். இது உருக்கி வாத்தது, பொட்டுப் பொட்டா ஓட்டை. சோம்பேறியள்! ஒரு புத்தகத்தைத் திறந்து பாத்திருக்கக்கூடாதே!"

கள்ளச் சாமான் செய்ததுக்கு இல்லை, வருஷம் பிழைச்சதுக்குத்தான் அவனுக்குக் கோவம்.

பெல்ட்டின்ரை உள்பக்கத்தை மடிச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சான். தேஞ்ச எழுத்து. வாசிச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சான். "இந்தியாவிலை செய்தது! உங்கடை ஊர்ச் சாமான்!"

"நாங்கள் இந்தியா இல்லை" எண்டன். "இலங்கை."

"ஓம் ஓம், இந்தியா."

அண்டைக்கு முழுக்க நான் பட்ட பாடு ஒரே மூச்சிலை வெளியிலை வந்திது. "அப்ப நீங்கள் ரஷ்யாவோ?"

போலந்துக்காரர் அத்தினை பேரும் கோப்பையைக் கீழை வைச்சினம். மாரெக்கின்ரை முகத்திலை சிரிப்பு மறைஞ்சுது.

பேந்து அவன் ஒரு கையை நெஞ்சிலை வைச்சு, தலையைக் குனிஞ்சு, "இலங்கை" எண்டான். "இலங்கை. மன்னிக்கவேணும்."

பின்னுக்கு ஒரு போலந்துக்காரி கெக்கட்டமிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. அதோடை முழு மண்டபமும். சாமியார் இவற்றை கோப்பியைக் குடிச்சு முடிச்சுப்போட்டு, "கை உயத்துங்கோ" எண்டார்.

போலந்துக்காரர் ஒருத்தர் மிச்சமில்லாமல் கையை உயத்தினவை. மாரெக் ரெண்டு கையும். அப்பிடி ஒரு வெற்றி எங்கடை ஆக்களுக்குப் பங்குச் சபையிலை கிடைச்சதே இல்லை. நன்றி சொல்லக் கும்பிடவேண்டிய மனுசன் ஒரு கையாலைதான் கும்பிட்டார். பாதிக் கும்பிடு.

போகேக்கை பெரித் வந்து, "நல்ல ஸ்பெசியெல்ட் தேர்தல்" எண்டா.

பெல்ட்டை மாரெக் கேட்டு வாங்கிக்கொண்டு போட்டான். வீட்டிலை கள்ளப் பக்கிளுக்கெண்டு ஒரு பெட்டி வைச்சிருக்கிறானாம், புதுசாச் சேக்கிற ஆக்களுக்குக் காட்டிப் படிப்பிக்க. சாமியார் பூசை உடுப்புக்கு மேலை கட்டிற வெள்ளைக் கயிறு ஒண்டை இரவலாத் தந்தார். இவர் அதை இடுப்பிலை கட்டிக்கொண்டு காரிலை ஏறினார். வீடு வந்து சேருமட்டும் ஒரு சொல் கதைக்கேல்லை. பார்க் பண்ணின பிறகு மட்டும், "இத்தாலி" எண்டார்.

திங்கட்கிழமை வேலை முடிய நேரா சென்டருக்குப் போனன். கடையிலை நிண்டு சுதாவுக்கு வீடியோ கோல் எடுத்தன். ஒரு பெல்ட்டை முன்னுக்குக் காட்டினன், பின்னுக்குக் காட்டினன், உள்பக்கத்தை மடிச்சுக் காட்டினன். எழுத்து இல்லை. கிரீடம் இல்லை. கழுகு, சிங்கம், பூனை ஒண்டும் இல்லை. கடைப் பெட்டை என்னை ஒரு மாதிரிப் பாத்தாள்.

"இது எந்த நாட்டுச் சண்டைக்கும் போகேல்லை அக்கா, எடுங்கோ" எண்டாள் சுதா.

எடுத்துக்கொண்டு வந்து குடுத்தன். இவர் கட்டினார். கடைசி ஓட்டையிலை கொழுவினார். கையை விட்டார். களிசான் முழங்காலுக்கு வந்திது.

சரித்திரம் முழுக்கப் பாத்து வாங்கினனான் மக்களே, மனுசன்ரை இடுப்பை மட்டும் பாக்கேல்லை.